பேஸ் ஃபைலில் கை வைத்தவள்

போன வாரம் சாப்பாட்டு மேசை மேல் ஒரு விசிட்டிங் கார்டு கிடந்ததையும், அதைப் பார்த்த பெரியவள் பாதிச் சாப்பாட்டில் கை கழுவிக்கொண்டு எழுந்து போனதையும் படித்தவர்கள், இந்த வாரம் முழுக்கத் தம்பியைத் திட்டித் தீர்த்திருப்பீர்கள். திட்டுங்கள், அவனுக்கு அது புதிதில்லை. ஆனால் ஒன்று. கார்டை நான் வைக்கவில்லை என்று அவன் அன்றைக்கே சொன்னான். அவன் பக்கம் வீட்டில் யாரும் பேசவில்லை.

கார்டில் இருந்த பெயர் பெரியவளின் கணவருடையது. அவரை விட்டுவிட்டு அவள் தாய் வீட்டுக்கு வந்து ஒரு மழைக்காலம் கடந்துவிட்டது. அவர் வேலை பார்ப்பது ஒரு பெரிய கம்பெனியில். இந்த வீட்டுப் பட்டறையை அப்படியே எடுத்துக்கொள்கிறோம், இங்கே செய்யும் கம்ப்யூட்டர் பெட்டிகளை இனி நாங்களே செய்து தருகிறோம் என்று அந்தக் கம்பெனி வெகு நாளாகக் கேட்டுக்கொண்டிருக்கிறது.

பட்டறை போய்விட்டால் பெரியவளுக்கு இந்த வீட்டில் வேலை என்று ஒன்று இருக்காது. வேலை இல்லாமல் உட்கார்ந்திருக்கும் மகளை நாலு நல்ல வார்த்தை சொல்லிப் புருஷனிடம் அனுப்பி வைப்பது சுலபம். இது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை.

புதிதாகச் சேர்ந்துகொண்டவர்களுக்காக வீட்டையும் சொல்லிவிடுகிறேன். மாடியில் வீடு, கீழே பட்டறை. மாடியில் அம்மாவாக இருப்பவர் படி இறங்கினால் மேடம். பெற்ற பிள்ளைகளே ஆனாலும் பட்டறைக்குள் 'மேடம், நீங்க' என்றுதான் பேச வேண்டும். பெட்டியின் உடம்பு மேடத்தின் கையில், அதற்குள் ஓடும் சாஃப்ட்வேர் மூத்த மகளான பெரியவளின் கையில். தம்பிக்கு விற்பனை. வாய் ஒன்றுதான் அவனுக்கு முதலீடு, அதில் நஷ்டமே கிடையாது.

அவர்கள் செய்வது கோழிக்குஞ்சு பொரிக்கும் ஹேச்சரிகளுக்கான சின்னக் கம்ப்யூட்டர் பெட்டி. முட்டை அடுக்கிய இன்குபேட்டரின் சூட்டைக் காப்பது ஒரு புரோகிராம். நேரத்துக்கு முட்டைகளைத் திருப்பிவிடுவது இன்னொன்று. உள்ளே நடப்பதைக் கேமராவில் காட்டுவது மூன்றாவது. போன மாதம் ஒரு ஹேச்சரியில் இந்த மூன்றாவது, மெமரி முழுவதையும் தானே விழுங்கியது. சூட்டைக் காக்க வேண்டிய புரோகிராம் மூச்சு விட இடமில்லாமல் நின்றுபோனது. ஒரு அறை முட்டை மொத்தமும் பாழ்.

அந்த ஹேச்சரிக்காரர் இன்று மதியம் வருகிறார். பட்டறையில் செய்யும் பெட்டிகளில் பாதிக்கு மேல் அவருடைய இடங்களில்தான் ஓடுகின்றன. ஒன்று செத்தால் இன்னொன்று சாகக் கூடாது, அதை என் கண்ணெதிரே காட்டுங்கள், முடியாவிட்டால் பெரிய கம்பெனியின் பெட்டிக்குப் போய்விடுகிறேன் என்று சொல்லியிருந்தார். அவர் போனால் பட்டறை போனது என்று அர்த்தம்.

காட்டிவிடலாம் என்று பெரியவள் தைரியமாகத்தான் இருந்தாள். காலையில் பெட்டியை எழுப்பும்வரை.

*

அவள் கண்டுபிடித்த வழி கன்டெய்னர். ஒரே பெட்டிக்குள் ஒவ்வொரு புரோகிராமுக்கும் ஒரு தனி அறை கட்டிவிடுவது. பக்கத்து அறையில் இருப்பவர் யார் என்று தெரியாது. பக்கத்து அறையின் பங்கு மெமரியில் கை வைக்கவும் முடியாது. ஒரு அறையில் தீப்பிடித்தால் அந்த அறை மட்டும்தான் எரியும்.

ஆனால் அறையைக் கட்டிக் கொடுத்து, பங்கு போட வேண்டியது கெர்னல். பெயரைக் கேட்டு மிரள வேண்டாம். கம்ப்யூட்டருக்குள் இருக்கும் வீட்டு நிர்வாகம்தான் அது. அதைத் தயார் செய்யும்போது ஆயிரக்கணக்கில் கேள்வி கேட்கும். இது வேண்டுமா, அது வேண்டுமா என்று. ஆமாம், இல்லை என்று ஒவ்வொன்றுக்கும் பதில் எழுதிக் கொடுக்க வேண்டும். எதற்கு ஆமாம் சொன்னோமோ அதுதான் கெர்னலுக்குள் இருக்கும்.

இந்தப் பட்டறையில் அந்தப் பதில்கள் மேடம் என்றைக்கோ எழுதி வைத்தவை. அதற்குப் பேஸ் ஃபைல் என்று பெயர். பெரும்பாலும் இல்லை, இல்லை, இல்லை. 'இல்லாத பொருள் ரிப்பேர் ஆகாது' என்பது மேடத்தின் வேதம். புதிதாக ஏதாவது வேண்டுமானால் பெரியவள் தனக்கென்று ஒரு ஃபைலில் எழுதிக்கொள்வாள். கெர்னலைக் கட்டும்போது, அதாவது பில்ட் செய்யும்போது, இரண்டும் சேர்ந்துகொள்ளும். பேஸ் ஃபைலில் மட்டும் மேடத்தைத் தவிர வேறு யாரும் கை வைக்கக் கூடாது.

கன்டெய்னருக்குத் தேவையான எல்லாவற்றுக்கும் தன் ஃபைலில் ஆமாம் போட்டிருந்தாள். அவளுடைய லேப்டாப்பில் எல்லாம் அழகாக ஓடியது. அது கடையில் வாங்கியது, அதன் கெர்னல் எல்லாவற்றுக்கும் தலையாட்டும் ரகம். பட்டறையின் சொந்தக் கெர்னலைப் பெட்டியில் ஏற்றிப் பார்த்தது இன்று காலையில்தான்.

பெட்டி எழுந்தது. கன்டெய்னர் எழவில்லை. மெமரிக்கு அளவு போட வழியில்லை என்று ஒரு வரி வந்து நின்றது.

ஓடிக்கொண்டிருக்கும் கெர்னலிடமே உன்னிடம் என்னவெல்லாம் இருக்கிறது என்று கேட்க ஒரு வழி உண்டு. கேட்டாள். தான் எழுதிய மெமரி வரியைத் தேடினாள். ஆமாம் என்றும் இல்லை, இல்லை என்றும் இல்லை. அந்த வரியே காணோம்.

கையால் எடுத்துக் கழித்துக்கட்டியது போல் இருந்தது. நேற்றுச் சாயந்திரம் தன் நாற்காலியில் தம்பி உட்கார்ந்திருந்தது அவளுக்கு நினைவு வந்தது. பிறகு விசிட்டிங் கார்டு நினைவு வந்தது. ஒன்றும் ஒன்றும் இரண்டு என்று கணக்குப் போட்டுவிட்டாள். கோபத்தில் போடும் கணக்கு எப்போதும் சீக்கிரம் முடிந்துவிடும். தன் ஃபைலைத் திறந்து சரிபார்க்கக்கூட அவளுக்குத் தோன்றவில்லை.

தம்பி கையில் டீயோடு படி இறங்கி வந்தபோது அவள் கடைசிப் படியை மறித்துக்கொண்டு நின்றாள்.

"நேத்து என் சீட்ல உட்கார்ந்து என்னடா பண்ணே?"

சார்ஜர் தேடினேன் என்றான். சார்ஜரைத் தேடினவன் மெமரி வரியை ஏன் அழித்தாய் என்றாள். பட்டறையை வாரிக் கொடுத்துவிட்டு அக்காவையும் கூடவே பொட்டலம் கட்டி அனுப்பிவிடலாம் என்று பார்க்கிறாயா என்றாள். இன்னும் சில வார்த்தைகளும் சொன்னாள், அவற்றை அச்சில் போட ஆசிரியர் சம்மதிக்க மாட்டார்.

தம்பி டீயைக் கைப்பிடிச் சுவர் மேல் வைத்தான். சாதாரணமாக ஒன்றுக்குப் பத்தாகத் திருப்பிக் கொடுப்பவன், இன்று நிதானமாகப் பேசினான்.

"கார்டையும் நான் வைக்கலை, உன் ஃபைலையும் நான் தொடலை. கெர்னல்ல கை வைக்கத் தெரிஞ்சிருந்தா நான் ஏன்க்கா தெருத் தெருவா பெட்டி வித்துட்டு இருக்கேன்?"

அவள் படியை விட்டு விலகவில்லை.

"எந்த வரி காணாமப் போச்சு?"

சொன்னாள். அவன் முகத்தில் ஒரு மாற்றம் தெரிந்தது. சிரிப்பா சங்கடமா என்று அவளால் பிரித்துப் பார்க்க முடியவில்லை.

"அக்கா, உனக்குத் தெரியாதா? இங்க கடைசியில வர்ற பதில்தான் செல்லும். கடைசியில வர்றது மேடத்தோட ஃபைல். நீ எத்தனை ஆமாம் போட்டாலும் அவங்க இல்லைன்னு சொல்லியிருந்தா இல்லைதான். அந்தச் சட்டமே என்னாலதான் வந்துச்சு."

*

நடந்தது இது. பெரியவள் புருஷன் வீட்டில் இருந்த காலத்தில், பட்டறையில் அவள் இடத்தில் உட்கார்ந்தவன் தம்பி. அப்போது பேஸ் ஃபைல் முதலிலும், வேலை செய்பவரின் ஃபைல் பிறகுமாகத்தான் சேரும். ஒருநாள் அவன் மின்சாரச் சிக்கனம் என்று ஏதோ ஒன்றுக்கு ஆமாம் போட்டான். பெட்டிகள் நன்றாகத்தான் போயின. ஹேச்சரிகளில் ஆள் நடமாட்டம் இல்லாத நேரம் பார்த்து, பெட்டியும் சேர்ந்து தூங்கிவிட்டது.

மேடம் ஒவ்வொரு ஹேச்சரியாக ஏறி இறங்கிப் பெட்டியை மாற்றிக் கொடுத்தார். யாரிடமும் தலை குனிந்து பழகாதவர், அந்த வாரம் முழுக்கத் தலை குனிந்தார். திரும்பி வந்ததும் இரண்டு காரியம் செய்தார். மகனை விற்பனைக்கு மாற்றினார். ஃபைல்களை வரிசையாகச் சேர்க்கும் பில்ட் ஸ்கிரிப்ட்டில் தன்னுடைய ஃபைலைக் கொண்டுபோய்க் கடைசியில் வைத்தார்.

இதைப் பெரியவளுக்கு யாரும் சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்றுகூட யாருக்கும் தோன்றவில்லை. அவள் வந்ததிலிருந்து செய்ததெல்லாம் சின்னச் சின்னச் சேர்க்கைகள், மேடத்தின் எந்த 'இல்லை'யோடும் அவை மோதவில்லை. இன்றைக்குத்தான் முதல் மோதல்.

அவள் திரும்ப ஓடிப்போய்ப் பார்த்தாள். இந்த முறை மெமரி வரியைத் தேடாமல் அதற்கு மேலே இருக்கும் தாய் வரியைத் தேடினாள். பங்கு போடும் வேலைக்கே அதுதான் தலைவாசல். அதற்கு எதிரே மேடத்தின் 'இல்லை' கல்லாக உட்கார்ந்திருந்தது. தாய் வரி இல்லை என்றால் அதன் கீழே இருக்கும் பிள்ளை வரிகளைக் கெர்னல் கேள்வியே கேட்காது. சத்தமில்லாமல் தூக்கிப் போட்டுவிடும். யாரும் எதையும் அழிக்கவில்லை.

மன்னிப்புக் கேட்கும் பழக்கம் அந்தக் குடும்பத்தில் கிடையாது. பெரியவள் தம்பியின் ஆறிப்போன டீயை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போய்ச் சூடு பண்ணிக் கொண்டுவந்து கொடுத்தாள். அவனும் ஒன்றும் சொல்லாமல் வாங்கிக் குடித்தான். அவர்கள் கணக்கு அத்தோடு தீர்ந்தது.

இனி மேடத்தின் கணக்கு.

*

மேடம் ஜன்னலோரம் உருப்பெருக்கி விளக்கின் கீழே குனிந்து ஒரு சர்க்யூட் போர்டில் ஈயம் வைத்துப் பற்றவைத்துக்கொண்டிருந்தார். ஈயப் புகை மெல்ல மேலே போய்க்கொண்டிருந்தது. அன்று காலையிலிருந்தே அவர் நடவடிக்கை ஒரு தினுசாக இருந்தது. பழைய பெட்டிகள் அடுக்கியிருந்த அலமாரியைத் துடைத்துக் காலி செய்திருந்தார். வருகிறவர் கண்ணில் குப்பை படக் கூடாது என்பதற்காக இருக்கும் என்று பெரியவள் நினைத்துக்கொண்டாள்.

அவள் விஷயத்தைச் சுருக்கமாகச் சொன்னாள். தாய் வரிக்கு ஆமாம் வேண்டும். ஒரே ஒரு வரி. இல்லாவிட்டால் அதற்குக் கீழே உள்ள எதுவும் நிற்காது.

மேடம் தலையைத் தூக்கவில்லை. பேஸ் ஃபைல் மாறாது என்றார். இன்று ஒரு வரி என்பார்கள், நாளை அதற்குத் துணையாகப் பத்து வரி வரும், அந்தப் பத்தில் எது எப்போது காலை வாரும் என்று யாருக்கும் தெரியாது என்றார். வருகிறவரிடம் பழைய பெட்டியையே காட்டு, முடியாது என்றால் முடியாது என்று மரியாதையாகச் சொல்லி அனுப்பிவிடலாம் என்றார்.

முடியாது என்ற வார்த்தையை மேடம் சொல்லி அவள் கேட்டதே இல்லை. அது அவளுக்கு எங்கேயோ உறுத்தியது. ஆனால் நின்று யோசிக்க அவகாசம் இல்லை.

"அம்மா, நான் இதை நல்லா யோசிச்சுதான் கேக்கறேன்."

"இங்க நான் அம்மா இல்லை."

"சரி, மேடம். பேஸ் ஃபைல் நீங்க எழுதினப்ப மெமரி இத்துனூண்டு. அன்னைக்கு அந்த 'இல்லை' சரி. இன்னைக்கு அது தப்பு."

பற்றவைப்புக் கோல் தாங்கியில் போய் உட்கார்ந்தது. மேடம் கண்ணாடியைக் கழற்றினார். பட்டறையில் அவர் கண்ணாடியைக் கழற்றினால் அங்கே இருப்பவர்கள் வேறு வேலை பார்க்கப் போய்விடுவார்கள். கதவருகே நின்றிருந்த தம்பி ஒரு அடி பின்னால் நகர்ந்தான்.

"தப்பு சரி பார்க்க நான் இருக்கேன். ஃபைலை மாத்தறதோ, வரிசையை மாத்தறதோ, எது பண்ணாலும் நீ இந்தப் பட்டறையில இல்லை. சாவியை வெச்சுட்டுப் போயிடணும்."

பட்டறைக்கு இரண்டு சாவி. ஒன்று மேடத்திடம். இன்னொன்று, பெட்டி படுக்கையோடு அவள் இந்த வாசலில் வந்து நின்ற அன்று அம்மா ஒன்றுமே கேட்காமல் பெரியவளின் கையில் வைத்தது. அழாதே என்று சொல்லவில்லை, என்ன நடந்தது என்று கேட்கவில்லை. நாளையிலிருந்து வேலைக்கு வா என்று சாவியைக் கொடுத்தார். அந்தச் சாவி அவள் சட்டைப் பையில்தான் இருந்தது.

அவள் தன் இடத்துக்குப் போய் உட்கார்ந்தாள். பில்ட் ஸ்கிரிப்ட்டைத் திறந்தாள். மேடத்தின் ஃபைல் கடைசி வரியில் இருந்தது. அதை வெட்டி எடுத்து முதலில் வைத்தாள். தன் ஃபைலைக் கடைசிக்குக் கொண்டுவந்தாள்.

திரையை மேடத்தின் பக்கம் திருப்பி வைத்தாள், திருட்டுத்தனமாகச் செய்ததாக இருக்கக் கூடாது என்பதற்காக. பிறகு பில்ட்டைத் தட்டிவிட்டாள்.

மூலையில் இருந்த பெரிய கம்ப்யூட்டரின் விசிறி உறுமத் தொடங்கியது. மேடம் கண்ணாடியை மாட்டிக்கொண்டு மறுபடி போர்டின் மேல் குனிந்தார். அவர் கை மட்டும் வேலை செய்யவில்லை.

*

கெர்னல் பில்ட் ஆக ஆகும் நேரத்தில் ஆற அமரச் சமைத்துச் சாப்பிட்டுவிட்டு வரலாம். அவசரம் என்பது அதற்குத் தெரியாது. ஹேச்சரிக்காரருக்கோ அவசரத்தைத் தவிர வேறு எதுவும் தெரியாது. மதியம் வருகிறேன் என்றவர், பாதி பில்ட்டில் வாசலில் வந்து வண்டியை நிறுத்தினார்.

தம்பி ஓடினான். வாசலிலேயே அவரைப் பிடித்துக்கொண்டு முட்டை ஓட்டின் கனத்தைப் பற்றி ஒரு சந்தேகம் கேட்டான். அவர் விளக்கினார். அதிலிருந்து தீவனத்துக்குப் போனான், தீவனத்திலிருந்து தண்ணீருக்கு. கோழிகளுக்குப் பாட்டு போட்டால் முட்டை பெரிதாகும் என்கிறார்களே உண்மையா என்று கேட்டான். மனிதர் அதற்கும் பொறுமையாகப் பதில் சொன்னார். பிறகு ஒரு இடத்தில் நிறுத்திவிட்டார்.

"தம்பி, நீங்க நல்லாப் பேசறீங்க. பெட்டி பேசுதான்னு பார்க்கத்தான் நான் வந்தேன்."

அவர் உள்ளே வந்தபோது பெரியவள் மெமரி கார்டில் புதுக் கெர்னலை ஏற்றிப் பெட்டிக்குள் செருகிக்கொண்டிருந்தாள். முயற்சி பண்ணிப் பார்க்க ஒரு தரம்கூட நேரம் கிடைக்கவில்லை. முதல் ஓட்டமும் அரங்கேற்றமும் ஒன்றாகவே நடக்கப் போகின்றன.

பெட்டி எழுந்தது. எழும்போது அது சொல்லும் முதல் வரியில், கெர்னலைத் தயாரித்தவரின் பெயர் வரும். பேஸ் ஃபைல்தான் கடைசிச் சொல் என்று ஆன நாளிலிருந்து, ஸ்கிரிப்ட் அந்த இடத்தில் 'மேடம்' என்றே எழுதிக்கொண்டிருந்தது. கடைசியில் வரும் ஃபைல் யாருடையதோ அவர் பெயரைத்தான் அது எழுதும் என்பதால், வரிசை மாறியதில் அதுவும் மாறிவிட்டது. திரையில் 'பெரியவள்' என்று வந்து மேலே ஓடியது. ஜன்னலோரத்திலிருந்து மேடம் அதைப் படித்தார்.

கன்டெய்னர்கள் ஒவ்வொன்றாக எழுந்தன. சூடு. முட்டை திருப்பல். கேமரா. பட்டறையில் சோதனைக்கு வைத்திருந்த சின்ன இன்குபேட்டரின் சூடு முப்பத்தேழரை டிகிரி என்று எண்களில் ஒளிர்ந்தது.

கேமராவின் அறைக்குள் மெமரியைக் கண்டபடி விழுங்கும் ஒரு சின்னப் புரோகிராமை இப்போது விடப் போகிறேன், போன மாதம் உங்கள் இடத்தில் நடந்தது இதுதான் என்று அவரிடம் சொன்னாள். அவர் தலையசைத்தார். போன மாதத்தை நினைத்ததிலேயே அவர் முகம் சுருங்கிவிட்டது.

தட்டினாள்.

கேமராப் படம் தடுமாறியது. நின்றது. எண்கள் ஒரு கணம் அசையாமல் இருந்தன. பிறகு கேமராவின் படம் மொத்தமாக இருண்டது.

சூட்டின் எண் அப்படியே ஒளிர்ந்தது. முப்பத்தேழரை. முட்டை திருப்பும் மோட்டார் தன் முறை வந்ததும் 'விர்' என்று ஒரு சுற்றுச் சுற்றி நின்றது, பக்கத்து அறையில் ஒரு சாவு விழுந்தது தெரியாதது போல. அளவைத் தாண்டிய கேமராவைக் கெர்னல் தானே வெளியே தள்ளி, அறையைக் கூட்டிப் பெருக்கி, புதிதாக எழுப்பியும்விட்டது. இருண்ட திரையில் படம் திரும்ப வந்தது.

"அவ்ளோதானா?" என்றார் ஹேச்சரிக்காரர்.

"அவ்ளோதான் சார்."

"நான் ஒரு தடவை தட்டட்டுமா?"

ஒரு தடவை என்றவர், வாசல் மணி கிடைத்த குழந்தை மாதிரி தட்டித் தட்டிப் பார்த்தார். ஒவ்வொரு தடவையும் கேமரா செத்துப் பிழைத்தது, சூடு அசையவில்லை. கடைசியில் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து, அன்றைக்கு அந்த அறையைத் திறந்தபோது எந்த முட்டையிலும் ஒரு அசைவு இல்லை என்று மெதுவாகச் சொன்னார். இனி எல்லா இடத்துக்கும் இந்தப் பெட்டியே வேண்டும் என்றார். கிளம்பும்போது மேடத்திடம் திரும்பி, ஏதாவது பிரச்சினை என்றால் யாரைக் கூப்பிட வேண்டும் என்று கேட்டார்.

மேடம் போர்டைக் கீழே வைத்தார்.

"எழும்போது அதுல யார் பேர் வருதோ, அவங்களைக் கூப்பிடுங்க."

தம்பிக்கு ஆடலாம் போல் இருந்தது. அக்காவின் முகத்தைப் பார்த்தான். அவள் மேடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பதில் ஆசீர்வாதமா, கைகழுவலா என்று அவளுக்குப் புரியவில்லை.

வண்டி தெருமுனை திரும்பும் சத்தம் கேட்டதும் புரிந்தது.

"சாவி," என்றார் மேடம்.

ஜெயித்துவிட்டோமே, இனி என்ன சாவி என்று தம்பி குறுக்கே வந்தான். ஜெயிப்பது தோற்பது வேறு, சொன்ன சொல் வேறு என்று மேடம் அவன் வாயை அடைத்தார். ஆமாம், பெட்டி ஓடியது. ஆமாம், தன்னுடைய 'இல்லை' பழசாகிவிட்டது. அதை ஒப்புக்கொள்ளத் தனக்கு வெட்கமில்லை. ஆனால் வரிசையை மாற்றினால் சாவி என்று தெளிவாகச் சொன்ன பிறகுதான் அவள் மாற்றினாள்.

பெரியவள் சட்டைப் பையின் மேல் கையை வைத்துக்கொண்டாள்.

"கொடுக்க மாட்டேன். நீங்க சொன்னதைக் கேட்டுட்டுதான் மாத்தினேன், அது உண்மை. அப்பவும் கொடுக்கறதா நான் சொல்லலையே."

மேடத்தின் உதடு துடித்தது. கோபம் என்றுதான் இருவரும் நினைத்தார்கள்.

அந்த நேரம் பார்த்து மேசை ஃபோன் அடித்தது. கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தவள் பெரியவள். எடுத்தாள்.

கணவரின் குரலைக் கேட்டு ஒரு மழைக்காலம் ஆகியிருந்தது. அவர் மாறவே இல்லை, நலமா என்றுகூடக் கேட்காமல் வேலையைத்தான் முதலில் பேசினார். நாளைக் காலையில் ஆட்களோடு வருகிறேன், இடத்தை அளந்துகொண்டு போக வேண்டும், அலமாரியை மட்டும் காலி செய்து வைத்தால் போதும் என்றார்.

பெரியவளுக்குச் சிரிப்புதான் வந்தது. அவளுக்கே அது ஆச்சரியமாக இருந்தது.

"அளவெடுக்க இங்க ஒண்ணும் இல்லை. பெட்டி ஓடுது, ஹேச்சரிக்காரர் எங்களோடதான் இருக்கார். என் தம்பி ஏதாவது வாக்குக் கொடுத்திருந்தா, அதை நான் திருப்பி எடுத்துக்கறேன்."

மறுமுனையில் அவர் குறுக்கிட்டார்.

"உன் தம்பி எங்க வந்தான்? கார்டை உங்கம்மா கையிலதானே கொடுத்தேன். கூப்பிட்டதே அவங்கதான்."

பெரியவள் ஃபோனைச் சரியான இடத்தில் வைக்கக் கொஞ்சம் நேரமாயிற்று. துடைத்துக் காலியாக இருந்த அலமாரி எதிரே நின்றது. காலையிலிருந்து அது அங்கேதான் இருக்கிறது. முடியாது என்றால் முடியாது என்று மரியாதையாகச் சொல்லிவிடலாம் என்று மேடம் சொன்னதும் இப்போது விளங்கியது. அவர் தோற்பதற்குத் தயாராகிவிட்டிருந்தார். தன் ஃபைல் பழசு என்று அவருக்கு முன்பே தெரியும். மாற்றத்தான் மனசு வரவில்லை.

தம்பி இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். ஒரு வாரமாகச் சுமந்த பழி இறங்கியதில் அவனுக்குச் சந்தோஷம் வரவில்லை.

மேடம் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். பட்டறைக்குள் முதல்முறையாக அம்மாவின் குரலில் பேசினார்.

"எனக்கப்புறம் இதை இழுத்துக்கிட்டு நீ ஒத்தையா நிக்கக் கூடாது. உனக்காகத்தான் கூப்பிட்டேன்."

"எனக்காகன்னா என்னைக் கேட்டிருக்கணும்மா," என்றாள் பெரியவள். "எனக்கு வேணுமா வேணாமான்னு நீயே பதில் எழுதி வெச்சுட்டே. கடைசியில உன் பதில்தான் செல்லணும்னு அதையும் நீயே முடிவு பண்ணிட்டே."

பட்டறைக்குள் அவள் 'நீ' என்றதை அம்மா திருத்தவில்லை.

பெரியவள் பையிலிருந்து சாவியை எடுத்தாள். கொடுக்கத்தான் போகிறாள் என்று தம்பி நினைத்தான். அவள் அதை உள்ளங்கையில் வைத்து அம்மாவிடம் காட்டிவிட்டு, விரல்களை இறுக மூடிக்கொண்டாள்.

"நாளைக்கு அவர் வரட்டும். கதவைத் திறக்கறதா வேணாமான்னு நான் சொல்றேன்."

அடுத்த பெட்டிக்கான மெமரி கார்டை எடுத்துச் செருகிவிட்டு வேலையில் உட்கார்ந்தாள். விசிறி மறுபடி உறுமியது.

அம்மா எழுந்து படியேறினார். மெதுவாகத்தான் ஏறினார், ஆனால் நிற்கவில்லை. அவர் பின்னாலேயே பார்த்துக்கொண்டிருந்த தம்பியின் கண், அவர் இடுப்பில் ஆடிக்கொண்டிருந்த சாவி வளையத்தில் போய் நின்றது. பட்டறைக்கு இரண்டு சாவி என்பது அப்போதுதான் அவனுக்கு ஞாபகம் வந்தது.